அம்மா மேல் மயிலு வந்த வருடங்கள்

தம்பி,

அம்மாவைப் பற்றி உன் ஆராய்ச்சியில் எழுதிக்கொள்ளட்டுமா என்று போன வாரம் போனில் கேட்டாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை, எழுதிக்கொள். இதைச் சொல்ல ஒரு வரி போதும், கடிதம் வேண்டாம். ஆனால் பேச்சு முடியப்போகும் நேரத்தில் நீ இன்னொன்றும் சொன்னாய். "அம்மாவுக்கு வந்ததை நிப்பாட்டுனது நான்தானப்பா" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. பூம்பாறையில் சிக்னல் போவது புதிதல்ல. ஆனால் அன்று போனது சிக்னல்தானா, இல்லை நீயே வைத்துவிட்டாயா என்று எனக்கு இன்னும் சந்தேகம். திரும்பக் கூப்பிட்டபோது வேறு ஏதேதோ பேசினாய். நெதர்லாந்தில் உன் அறைக்கு எதிரே இருக்கும் வாய்க்கால் உறைந்து கிடப்பதைச் சொன்னாய். நானும் இங்கே உருளைக்கிழங்குச் செடியில் பனி விழுந்ததைச் சொன்னேன். சொல்ல வேண்டியதை இரண்டு பேருமே சொல்லவில்லை. எனக்குப் போனில் நீளமாகப் பேச வராது. ஜீப் ஓட்டியவனுக்குக் கண் ரோட்டில் இருந்தால்தான் பேச்சு வரும் என்று அம்மா கேலி செய்வாள். அதனால் எழுதுகிறேன். உன்னோடு படிக்கிறவர்களுக்கும் இதை நீ காட்டலாம், மறைக்க இதில் ஒன்றும் இல்லை.

உன் அத்தை மயிலுவில் இருந்துதான் தொடங்க வேண்டும். நீ அவளை போட்டோவில்கூடப் பார்த்ததில்லை, எடுக்கவே இல்லை. எங்கள் வீட்டில் பெரியப்பா மூத்தவர், நான் நடு, மயிலு கடைசி. அப்போது நம் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். மேலே படிக்க கொடைக்கானலுக்குத்தான் போக வேண்டும். மயிலு போக வேண்டும் என்று அடம்பிடித்தாள். எங்கள் அப்பா இறந்து, பெரியப்பா வெள்ளைப்பூண்டு விவசாயத்தைத் தலையில் தூக்கிச் சுமந்துகொண்டிருந்த நேரம் அது. பொம்பளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது, களை எடுக்க ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவள் புத்தகப் பையைச் சுவரில் மாட்டிவைத்துவிட்டு வேலைக்கு வந்தாள். மறு வருடம் ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டது. மண் சரிந்து ரோடு மூடியிருந்ததால் பஸ் வரவில்லை. நான் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தேன். கோணிச் சாக்கை மடித்து இரண்டு பேர் தலையிலும் சேர்த்துப் போட்டிருந்தேன். சரிவைத் தாண்டியதும் ஒரு காய்கறி லாரி கிடைத்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். அதற்குமேல் அவள் உடம்பில் தெம்பு இல்லை. என் முதுகில் இருந்த நேரமெல்லாம் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "குளுருதுண்ணே."

கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்பிள்ளையை வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவது நம் பக்கத்து வழக்கம் என்பது உனக்குத் தெரியும். உன் கூட்டாளிகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்தில், அவளுக்குப் புதுப் பாவாடைத் துணி, கண்ணாடி வளையல், ரிப்பன் எல்லாம் வைத்து, அவளுக்குப் பிடித்த பணியாரம் சுட்டுப் படைப்போம். படைத்த துணிமணியை ஒரு தகரப் பெட்டியில் போட்டு அடுத்த தை வரை வைத்திருப்போம். பல வருடம் அது சத்தமில்லாத பூசையாகத்தான் நடந்தது. பெரியப்பா சூடம் காட்டுவார், எல்லோரும் விழுந்து கும்பிடுவோம், பிள்ளைகள் பணியாரத்துக்குச் சண்டை போடுவார்கள். அவ்வளவுதான்.

உன் அம்மா வத்தலக்குண்டுப் பக்கத்துப் பெண். வெயிலில் வளர்ந்தவள். பஞ்சவர்ணம் என்று பெயர் வைத்திருந்தாலும் ஒரு நிறத்துச் சேலையைத்தான் திரும்பத் திரும்பக் கட்டுவாள். கல்யாணமாகி மலைக்கு வந்த முதல் வருடம் முழுக்க சால்வையைப் போர்த்திக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். யாரிடமும் அதிகம் பேச்சு இல்லை. பெரியப்பா வீட்டுக்குள் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். அவர் இருக்கும்போது அவள் குரலை நான் கேட்டதே இல்லை. அடுத்த வருடம் ஒரு பிள்ளை உண்டாகி, ஐந்தாம் மாதமே கலைந்துபோனது. உனக்கு முன்னால் ஒன்று இருந்தது என்று அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாளோ என்னவோ, நான் சொன்னதில்லை. அதற்குப் பிறகு அவள் என்னிடமும் பேச்சைக் குறைத்துவிட்டாள். கேட்டால் தலையை ஆட்டுவாள். பூண்டை உரித்துக்கொண்டே இருப்பாள். வீட்டுக்குத் தேவைக்கு மேல் உரித்து வைத்திருப்பாள்.

அந்தத் தையில்தான் முதல் தடவை வந்தது. பெரியப்பா சூடத்தை ஏற்றிக்கொண்டிருந்தார். அம்மா என் பக்கத்தில் நின்றிருந்தாள். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். தலை வலிக்கிறதா என்று குனிந்து கேட்டேன். அவள் தோள் மட்டும் லேசாக ஆடியது. பிறகு உடம்பு முழுவதும் நடுங்க ஆரம்பித்தது. கொண்டை அவிழ்ந்து விழுந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். உன் அம்மாவின் முகம்தான் அது, ஆனால் அவள் என்னை அப்படிப் பார்த்ததே கிடையாது. சின்னப் பிள்ளைகள் நாம் ஏமாற்றிவிட்டதைக் கண்டுபிடித்ததும் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை. "அண்ணே, குளுருதுண்ணே" என்றாள்.

தை மாதத்தில் பூம்பாறையில் யாருக்குத்தான் குளிராது என்று நீ கேட்கலாம். நானும் எனக்குள் அதைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் அப்படிக் கேட்கிற புத்தி எனக்கு இல்லை. என் சால்வையை எடுத்து அவளைச் சுற்றிப் போர்த்தி, அப்படியே கட்டிப் பிடித்துக்கொண்டேன். கட்டின பெண்டாட்டியைப் பிடித்திருக்கிறேனா, செத்துப்போன தங்கச்சியைப் பிடித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. பயமாக இருந்தது. பயத்தைவிடச் சந்தோஷம் அதிகமாக இருந்தது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் தளர்ந்து என் மேல் சாய்ந்தாள். திருநீறு பூசி, படுக்கவைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்தேன். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுக் காபி இருக்கா என்று கேட்டாள். நான் கலைந்து கிடந்த முடியை ஒதுக்கிவிட்டேன். என்னங்க ஆச்சு, நான் எதுவும் சொன்னேனா என்று மெதுவாகக் கேட்டாள். சொன்னேன். என்னை அண்ணன் என்று கூப்பிட்டதைச் சொன்னதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அதன்பிறகு ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டாள். டீக்கடையில் என்னைக் கேலி செய்யாத ஆள் இல்லை. ஆனால் அவள் மறுபடி பேச ஆரம்பித்திருந்தாள். வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. கேலியெல்லாம் எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

பிறகு ஒவ்வொரு தையிலும் மயிலு வந்தாள். நீ பிறந்த வருடமும் வந்தாள். உன்னைத் தொட்டிலில் பார்த்துவிட்டு, கையை நீட்டாமல் எட்டி நின்று சிரித்தாளாம், பெரியம்மா சொன்னாள். நான் அவள் பின்னால் நின்று இடுப்பைத் துண்டால் பிடித்திருந்ததால் முகத்தைப் பார்க்கவில்லை. என் வேலை அதுதான். சாமி வருகிறவளைச் சுவரில் முட்டிக்கொள்ளாமல் பிடிக்க வேண்டும். வளையல் உடைந்து கையில் குத்தாமல் பார்க்க வேண்டும். முடிந்ததும் மஞ்சள் தண்ணீர் கொடுக்க வேண்டும். பிறகு, என்ன சொன்னேன் என்று அவள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். எனக்கு அந்தக் கடைசி வேலைதான் பிடிக்கும். இரண்டு பேரும் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருப்போம். அவள் காபியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே, மூன்றாவது மனுஷியின் கதையைக் கேட்பதுபோல் கேட்பாள். சில சமயம், உங்க தங்கச்சிக்கு வாய் ரொம்பத்தான் நீளம் என்பாள்.

நீ நான்காம் வகுப்பில் இருந்தபோது உன்னைக் கொடைக்கானலில் ஹாஸ்டலோடு உள்ள பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாமா என்று பேச்சு வந்தது. பெரியப்பாவுக்கு அதில் விருப்பமில்லை. பக்கத்திலேயே படிக்கட்டும், லீவு நாளில் காட்டுக்கு வந்து வேலை பழகட்டும் என்றார். அவர் சொன்னால் நம் வீட்டில் முடிந்தது. நான் எதிர்த்துப் பேசவில்லை. அம்மா வழக்கம்போல உள்ளே போய்விட்டாள். அந்தத் தை வெள்ளிக்கிழமை மயிலு வந்ததும் என் பக்கம் திரும்பவில்லை. நேராகப் பெரியப்பா முன்னால் போய் நின்றாள். துண்டைப் பிடித்திருந்த என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"பெரியண்ணே, என் பை இன்னும் செவத்துலதான் தொங்கிக்கிட்டுக் கெடக்கு. என்னையத்தான் நிப்பாட்டிட்டீங்க. இவனையாச்சும் அனுப்பி வைங்கண்ணே."

அந்தப் பை அப்போது சுவரில் இல்லை. எப்போதோ எலி கடித்துப் போய்விட்டது. ஆனால் பெரியப்பா சுவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மண்ணில் விழுந்தார். தம்பி பெண்டாட்டியின் காலில் விழுகிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. தப்புத்தான் ஆத்தா, தப்புத்தான் என்று குழந்தைபோல் அழுதார். உன்னை ஹாஸ்டலில் விடுவதற்கு அவர்தான் வந்தார், உனக்கு ஞாபகம் இருக்கும். டிரங்குப் பெட்டியை என்னிடம்கூடக் கொடுக்காமல் அவரே தூக்கிக்கொண்டு நடந்தார்.

ஆராய்ச்சிக்காக நீ ஊருக்கு வந்தபோது ஒரு நாள் என்னிடம் கேட்டாய். மயிலுவின் படிப்பைப் பெரியப்பா நிறுத்திய கதையை நான் அம்மாவிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறேனா என்று. அன்றைக்கு ஞாபகமில்லை என்றேன். அதற்குப் பிறகு பல நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். சொல்லியிருக்கலாம். புதுப் பெண்ணாக வந்தவளிடம், குளிரில் அடுப்பு முன்னால் உட்கார்ந்து, எத்தனையோ சொல்லியிருக்கிறேன். உன் படிப்பு இதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறது என்பதையும் நீ எனக்குப் புரியும்படி சொன்னாய். வாய் திறக்க இடமில்லாத ஒரு பெண்ணுக்கு இப்படி ஒரு குரல் கிடைக்கிறது, அதை அவள் வேண்டுமென்று செய்வதில்லை, அவளுக்கே தெரியாமல் அவள் மனசு செய்கிறது என்றாய். கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. அது உண்மையாகவும் இருக்கலாம். அவள் பக்கத்தில் இருந்தவன் நான், எனக்கும் அந்த நினைப்பு வராமலா இருக்கும்? ஆனால் நீ ஹாஸ்டலுக்குப் போன பிறகு நடந்ததையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அதை நீ பார்க்கவில்லை.

உன்னை விட்டுவிட்டு வந்த மறுநாள் வெள்ளனே எழுந்து பார்த்தால் அம்மாவைப் படுக்கையில் காணோம். பூண்டு காயப்போட்டிருக்கும் பரணுக்குக் கீழே, உன் பழைய ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தேற்றுவதாக நினைத்து, நீதானே அனுப்பச் சொன்னாய் என்று சொல்லிவிட்டேன். அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

"நானா சொன்னேன்? உங்க தங்கச்சில்ல சொன்னா. பிள்ளை பெத்திருந்தா அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அடுத்த தையில் மயிலுவுக்கு ரிப்பன் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பாவாடைத் துணி எடுத்தாள், வளையல் எடுத்தாள், ரிப்பன் மட்டும் எடுக்கவில்லை. அவளோடு சண்டை போட்டிருந்தாள். செத்துப்போன நாத்தனாரோடு சண்டை, அவள் தன் உடம்பில் வந்து பேசிய பேச்சுக்காக. நான்தான் ரகசியமாகக் கொடைக்கானலில் இருந்து ஒரு சிவப்பு ரிப்பன் வாங்கி வந்து பெட்டியில் வைத்தேன். அவள் மனசுதான் பேசியது என்றால் அதே பேச்சின் மேல் அவள் இப்படிக் கோபப்படுவாளா என்று நீதான் சொல்ல வேண்டும். நீ படித்தவன், யோசித்துச் சொல். உன்னை மடக்குவதற்காகக் கேட்கவில்லை, எனக்கு உண்மையிலேயே தெரியாது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உன்னைப் பார்க்க வந்தாளே, வந்தவுடன் உன் நோட்டுகளைப் பிரித்துப் பார்ப்பாளே, அவளுக்குப் படிக்கத் தெரியாது. எழுத்து வரிசையாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள்.

இப்போது நீ சொன்னதற்கு வருகிறேன். நீ பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது பொங்கல் லீவுக்கு வந்திருந்தாய். அம்மாவுக்கு வந்தபோது நீ கதவருகில் நின்றிருந்தாய். அதற்கு முன்னாலும் பார்த்திருக்கிறாய். ஆனால் அந்த வருடம் உன் முகமே வேறு மாதிரி இருந்தது. அவள் ஆடிக்கொண்டிருக்கும்போதே, நடிக்காதம்மா என்று சொல்லிவிட்டு வெளியே போனாய். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் கேட்டது. அம்மா அப்படியே நின்றாள். நடுக்கம் அடங்கிவிட்டது. வழக்கமாகத் தளர்ந்து சாய்வாள், அன்று சாயவில்லை. அவிழ்ந்த முடியைத் தானே முடிந்துகொண்டு, பிள்ளை ஸ்வெட்டர் போடாமப் போறான் பாருங்க என்றாள். நீ பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்திருந்தாய், நான் ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு அங்கே வந்தேன். நீ வாங்கிப் போட்டுக்கொண்டாய். அடுத்த தையிலிருந்து மயிலு வரவில்லை. ஒரு தடவைகூட வரவில்லை. இதைத்தான் நீ இத்தனை வருடம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாய் என்று போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கிடைத்த நல்ல வேலையை விட்டுவிட்டு, சாமி வருவதையும் அலகு குத்துவதையும் ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்று நீ கிளம்பியபோது, இதுக்கா படிச்சான் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். எனக்கும் புரியவில்லை. இப்போது புரிகிறது.

அம்மாவை மதுரைக்கு வைத்தியத்துக்குக் கூட்டிக்கொண்டு போன ஒரு பயணத்தைச் சொல்கிறேன். அப்போது நீ பெங்களூரில் இருந்தாய். வியாதி முற்றிவிட்டது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னை ஜீப் ஓட்ட விடவில்லை, பஸ்சில் போகலாம், பக்கத்தில் உட்காருங்க என்று சொல்லிவிட்டாள். மலை இறங்கும்போது என் தோளில் தலை வைத்திருந்தாள். இத்தனை வருடம் கேட்காத ஒன்றை அன்று நான் கேட்டேன். பையனைப் படிக்க அனுப்பச் சொன்னது நீயா, மயிலா என்று. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டு மூன்று கொண்டை ஊசி வளைவு தாண்டியிருக்கும்.

"ரெண்டு பேருக்கும் அந்த ஆசை இருந்திருக்கும்லங்க" என்றாள்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவளாகத்தான் பேசினாள். வத்தலக்குண்டு வந்து பஸ் நின்றபோது, கீழே விற்றுக்கொண்டிருந்த கொய்யாப்பழத்தைக் கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன். கடிக்க முடியாமல் கையில் வைத்து உருட்டிக்கொண்டே உன்னைப் பற்றிச் சொன்னாள். அன்று நீ சொன்ன சொல் அவளுக்கு நன்றாகக் கேட்டதாம். கேட்டதும் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை, பிள்ளை இவ்வளவு பெரிய ஆளாகிவிட்டானா என்றுதான் தோன்றியதாம். அவள் கடைசியாகச் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "அவன் என்னமோ சொன்னதுனாலதான் மயிலு வரலைன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கான் போல. அப்படியில்லைங்க. பிள்ளை படிச்சு ஆளாகிட்டான். அவளுக்கு இனி இங்க என்ன சோலி?"

நீ நினைத்துக்கொண்டிருந்ததை அவள் கண்டுபிடித்திருக்கிறாள். அவள் சொல்லியும் நான்தான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பஸ்சில் பேசிய பேச்சு பஸ்சோடு போகட்டும் என்று இருந்துவிட்டேன், நீ இதைச் சுமந்துகொண்டிருப்பாய் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். அவள் உன்னைத் தேற்றுவதற்காக அப்படிச் சொன்னாளா, உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தாளா என்று நீ கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் கொய்யாப்பழத்தை உருட்டிக்கொண்டு அதைச் சொன்னபோது அவள் முகத்தில் வருத்தம் இல்லை. அதற்கு நான் சாட்சி. அவளை அவ்வளவு பக்கத்தில் பார்த்தவன் வேறு யாரும் இல்லை.

அவள் போன மறு வருடம் நீ ஆராய்ச்சிக்காக வந்து என்னோடு மூன்று மாதம் இருந்தாய். அம்மா இருந்திருந்தால் அந்த மூன்று மாதத்துக்கு எவ்வளவு பணியாரம் சுட்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். தைப்பூசத்துக்குப் பழனி அடிவாரத்தில் அலகு குத்தி வருகிறவர்களிடம் நீ பேசினாய். பிறகு மலைச் சரிவில் உள்ள ஊர்களுக்கு உன்னை ஜீப்பில் கூட்டிக்கொண்டு போனேன். நீ ஆட்களிடம் கேட்கிற விதம் எனக்குப் பிடித்திருந்தது. சாமி நிஜமா என்று யாரையும் கேட்கவில்லை. வருவதற்கு முன்னால் பாதம் சூடாக இருக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா, வாயில் என்ன ருசி தெரிகிறது, யார் குரல் முதலில் கேட்காமல் போகிறது என்று கேட்டாய். அப்படியே கேள். அது மரியாதையான கேள்வி. காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கிற ஒரு பெண் உனக்குச் சொன்னாளே, காது ரெண்டும் அடைச்சுக்கிரும், மலையில பஸ்சு ஏறுறப்ப அடைக்குமே அப்படி என்று. நீ எழுதிக்கொண்டிருந்தாய். நான் திரும்பி நின்றுகொண்டேன். அம்மா காதைப் பொத்திக்கொண்டது எதற்கு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பக்கத்தில் நின்றும் கேட்காமல் இருந்துவிட்டேன். இதையும் உன் எழுத்தில் சேர்த்துக்கொள்.

அன்று மாலை அந்தப் பெண்ணுக்கே சாமி வந்தது. கூட்டத்தில் ஒவ்வொருவர் முன்னாலும் நின்று அவள் ஏதோ சொல்லித் திருநீறு கொடுத்துக்கொண்டு வந்தாள். என் பக்கம் வரும்போது நான் ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தேன். நான் எதற்காகக் காத்திருந்தேன் என்று உனக்குச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "அண்ணே" என்று யாராவது கூப்பிட மாட்டார்களா என்று நின்றேன். யார் வாயிலிருந்து வந்தாலும் எனக்குப் போதும். அவள் என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள். அவளுக்கு நான் யார்? நீ கையிலிருந்த ரெக்கார்டரை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாய். அப்பா, வீட்டுக்குப் போகலாமா என்று மட்டும் கேட்டாய். ஏன் அழுகிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்காததற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

நீ எழுதும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள். சாமி வந்தவர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறாய். வந்தது நின்றுபோனால் அவர்களுக்கு என்ன ஆகிறது என்றும் எழுதப்போவதாகச் சொன்னாய். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவள் நிம்மதியாக இருந்தாள். மயிலு வராமல் போன பிறகு பெரியப்பா முன்னாலேயே உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள், பூண்டு விலையைப் பற்றி அவரோடு வாதாடுவாள். நின்றுபோனது எனக்குத்தான். முதலில் தங்கச்சி வரவில்லை, பிறகு, என்ன சொன்னேன் என்று கேட்பதற்கு அம்மாவும் இல்லை. ஒரே ஆளில் இரண்டு பேரைப் பறிகொடுத்தவனுக்கு உங்கள் படிப்பில் ஏதாவது பெயர் இருந்தால் எனக்குச் சொல். பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

போன வெள்ளிக்கிழமை பூசை வைத்தேன். பெரியப்பாவுக்கு மூட்டுவலி, வரவில்லை. பெரியம்மா பணியாரம் சுட்டுக் கொடுத்தனுப்பியிருந்தாள். இந்த வருடம் இரண்டு துணி எடுத்தேன், மயிலுவுக்குப் பாவாடைத் துணி, அம்மாவுக்கு ஒரு சேலை. அவளிடம் இல்லாத நிறமாகப் பார்த்து எடுத்தேன். விளக்கை ஏற்றிவிட்டு உட்கார்ந்தேன். என்ன தோன்றியதோ, வாய்விட்டுப் பேச ஆரம்பித்துவிட்டேன். ஆடிக்கு அப்புறம் மழை சரியில்லை என்று சொன்னேன். ஜீப்பை விற்றுவிட்டதைச் சொன்னேன். நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணைப் பற்றிச் சொன்னேன், அவள் போனில் என்னை மாமா என்று கூப்பிட்டதையும், அந்தத் தமிழைக் கேட்டு நான் சிரித்ததையும் சொன்னேன். அங்கே உனக்குக் குளிர் ஒத்துக்கொள்கிறதா என்று தெரியவில்லை, கேட்டால் எல்லாவற்றுக்கும் நல்லாயிருக்கு என்கிறாய் என்று சொன்னேன். ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவேன், பதிலுக்கு இடம் விடுவதுபோல. பதில் வரவில்லை. வராது என்று தெரியும். ஆனாலும் எதையும் விடாமல், எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் எழுந்தேன்.

அப்பா